டீச்சரையும் பள்ளியையும் பாராட்டுவது எப்படி: கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

பே ஏரியாவுக்கு வந்து, வீடு பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, தடுப்பூசிச் சான்றிதழ் வரை எல்லாம் கொடுத்து முடித்ததும் பள்ளியிலிருந்து மெயில்கள் வரத் தொடங்கும். ரூம் பேரண்ட் (வகுப்புக்கு உதவும் பெற்றோர்) தேவை, ரிஃப்ளெக்ஷன்ஸ் கலைப் போட்டிக்குப் படைப்பு அனுப்புங்கள், போர்டு மீட்டிங்கில் மாணவர்களுக்குப் பாராட்டு, டீச்சர் அப்ரீசியேஷன் வீக்குக்கு என்ன கொண்டுவருகிறீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இதில் எது கட்டாயம், எது விருப்பம், எங்கே நாமும் போய் நிற்கலாம் என்று புரியாமல் பலர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் மேல் நமக்கு மரியாதை நிறையவே உண்டு. ஆனால் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். நேரில் சொல்லக் கூச்சம், எழுதிக் கொடுப்பது அதைவிட அபூர்வம். இங்கே ஒரு டீச்சரைப் பற்றியோ மியூசிக் கிளாஸைப் பற்றியோ லைப்ரரியைப் பற்றியோ பெற்றோர் எழுதிக் கொடுத்ததும் கூட்டத்தில் எழுந்து சொன்னதும்தான் முடிவெடுப்பவர்கள் வரைக்கும் போய்ச் சேருகிறது. பணம் குறைகிற வருஷத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்று உட்கார்ந்து பேசும்போது அவர்கள் கையில் இருப்பது அதுதான். அதனால் பிடித்திருந்தால் சொல்லுங்கள், யாரைப் பிடித்திருக்கிறது என்று பெயரோடு சொல்லுங்கள்.

உங்கள் டிஸ்ட்ரிக்ட் எது?

டிஸ்ட்ரிக்ட் என்றால் இங்கே மாவட்டம் இல்லை, ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாகம். பள்ளி டிஸ்ட்ரிக்டின் எல்லைக்கும் ஊர் எல்லைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. குபர்டினோ யூனியன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது எட்டாம் வகுப்போடு முடிகிற எலிமென்டரி டிஸ்ட்ரிக்ட். குபர்டினோ மட்டுமில்லாமல் சான் ஹோசே, சன்னிவேல், சாரடோகா, சான்டா கிளாரா, லாஸ் ஆல்டோஸ் ஊர்களின் சில பகுதிகளும் அதற்குள் வரும். ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் போவது ஃப்ரீமாண்ட் யூனியன் ஹை ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு. அது முற்றிலும் வேறு நிர்வாகம், வேறு போர்டு, வேறு பட்ஜெட். வளைகுடாவின் அந்தப் பக்கம் இருக்கிற ஃப்ரீமாண்ட் நகரத்துக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது, அங்கே இருப்பது ஃப்ரீமாண்ட் யூனிஃபைடு என்கிற வேறு டிஸ்ட்ரிக்ட். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவு பண்ணாமல், உங்கள் முகவரியை டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

டிஸ்ட்ரிக்டை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற போர்டு. பெரும்பாலும் ஐந்து பேர் இருப்பார்கள். அவர்கள் நியமிக்கும் சூப்பரின்டென்டென்ட்தான் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர். பள்ளிக்குள்ளே பிரின்சிபல், அவருக்கு வலதுகையாக ஆபீஸ் மேனேஜர். ஆபீஸ் மேனேஜரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை அவரிடம்தான் நடக்கும். அப்புறம் பி.டி.ஏ. என்கிற பெற்றோர் ஆசிரியர் சங்கம். அமெரிக்காவில் இந்த இயக்கம் 1897-ல் தாய்மார்களின் தேசிய மாநாடாகத் தொடங்கியது. இன்றைக்கும் தொடக்கப் பள்ளியில் நடக்கிற கொண்டாட்டங்களில் பெரும்பகுதியைத் தூக்கிச் சுமப்பது இவர்கள்தான். உறுப்பினர் கட்டணம் சொற்பமாகத்தான் இருக்கும், சேர்ந்துவிடுங்கள்.

டீச்சரைக் கூப்பிடும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மேம்', 'சார்' எல்லாம் இங்கே பழக்கத்தில் இல்லை. மிஸ், மிஸஸ், மிஸ்டர் என்று போட்டுக் கடைசிப் பெயரைச் சொல்வார்கள். எதைப் போடுவது என்று சந்தேகமாக இருந்தால் அவர் மெயிலின் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள்.

கடிதம் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். டீச்சருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, அதன் நகலைப் பிரின்சிபலுக்கும் அனுப்புங்கள். 'நீங்கள் அருமையான டீச்சர், மிக்க நன்றி' என்று எழுதினால் அது வாழ்த்து அட்டை வாசகம், படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். நடந்ததை எழுதுங்கள். இந்த மாதிரி:

'அக்டோபர் வரை என் மகள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். நீங்கள் தினமும் காலையில் பென்சில்களை அவள் கையில் கொடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு மேஜையாகப் போய் இந்தா, இந்தா என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பேச்சு வந்தது. இப்போது வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, உங்களைப் போலவே கையைத் தட்டி அமைதிப்படுத்திவிட்டுப் பாடம் நடத்துகிறாள்.'

இவ்வளவு போதும். டீச்சர் என்ன செய்தார், பிள்ளையிடம் என்ன மாறியது, அதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், இந்த மூன்றும் இதில் இருக்கின்றன. ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். பாட்டி தமிழில் இரண்டு வரி எழுத ஆசைப்பட்டால் எழுதட்டும், கீழே பிள்ளை கையால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட ஒரு தாளை எந்த டீச்சருக்கும் தூக்கிப் போட மனசு வராது.

பிரின்சிபலுக்கு நகல் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெற்றோர் பிரின்சிபலுக்கு மெயில் எழுதுவது பெரும்பாலும் ஏதாவது குறை இருக்கும்போதுதான். நல்லது நடந்ததாக வருகிற மெயில் அவர் நினைவில் தங்கும். அந்த வருஷத்தின் சிறந்த ஆசிரியராக யாரைப் பரிந்துரைக்கலாம் என்று பள்ளியில் பேச்சு வரும்போது இந்தக் கடிதங்கள்தான் துணைக்கு வரும். அந்த விருதுக்கு ஒரு ஏணி உண்டு. டிஸ்ட்ரிக்டில் தேர்வானவர் கவுண்டிக்குப் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போவார், கவுண்டியிலிருந்து மாநிலத்துக்கு. கலிஃபோர்னியா ஒவ்வொரு வருஷமும் ஐந்து ஆசிரியர்களை அறிவித்து, அவர்களில் ஒருவரை 1952 முதல் நடந்துவருகிற தேசிய விருதுக்கு அனுப்புகிறது. முதல் படியில் பெற்றோர் பரிந்துரையை ஏற்கிறார்களா என்று உங்கள் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸில் கேளுங்கள், இடத்துக்கு இடம் வேறுபடும். பி.டி.ஏ. தன் பங்குக்குத் தரும் ஹானரரி சர்வீஸ் விருதும் உண்டு. பல பள்ளிகளில் பிப்ரவரி 17-ஆம் தேதி வரும் சங்கத்தின் நிறுவன நாளை ஒட்டிக் கொடுப்பார்கள். அதற்கான பரிந்துரைப் படிவம் அதற்கு முன்னாலேயே மெயிலில் வந்துவிடும், அதைத் தவறவிடாதீர்கள்.

மே மாதம், பரிசு, பலகாரம்

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் இங்கே வழக்கத்தில் இல்லை. மே மாதத்தின் முதல் முழு வாரம்தான் டீச்சர் அப்ரீசியேஷன் வீக், தேசிய பி.டி.ஏ. 1984-ல் குறித்த வாரம் அது. கலிஃபோர்னியாவுக்கென்று தனியாக மே இரண்டாம் புதன்கிழமையை ஆசிரியர் தினமாக 1982-ல் சட்டம் போட்டே வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவின் ஆசிரியர் தினத்தை முன்மாதிரியாகக் கொண்டு வந்தது.

அந்த வாரம் ரூம் பேரண்ட் ஒரு நாளைக்கு ஒன்று என்று திட்டம் போட்டு அனுப்புவார்: திங்கள் ஒரு பூ, செவ்வாய் பிள்ளை எழுதிய கடிதம், புதன் வகுப்பறைக்கு வேண்டிய பொருள் என்று போகும். பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். வகுப்புக்கெல்லாம் சேர்த்து ஒரே கிஃப்ட் கார்டு கொடுப்பதுதான் சிறந்த வழி, டீச்சரும் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார். நீங்கள் ரூம் பேரண்டாக இருந்து பணம் சேர்த்தால், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை யாருக்கும் காட்டாதீர்கள். கொடுக்காத வீட்டுப் பிள்ளையின் பெயரும் அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருப்பேன், வாடகை கட்டவே திணறும் குடும்பங்களும் இதே வகுப்பில் இருக்கின்றன.

பரிசுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிற இடங்களும் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் அங்கத்திய விதியைப் பாருங்கள். உதாரணமாக மாசசூசெட்ஸில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒரு பெற்றோரிடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை வாங்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் உங்கள் டிஸ்ட்ரிக்டின் போர்டு பாலிசியில் தேடினால் கிடைக்கும்.

பலகாரம் விஷயத்தில் நம் கை சும்மா இருக்காது. ஆனால் வீட்டில் செய்ததை வகுப்புக்குள் அனுப்பப் பல பள்ளிகளில் அனுமதி இல்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத, என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சடித்த பாக்கெட்டாக இருக்க வேண்டும். வேர்க்கடலை, முந்திரிக்குத் தடை உள்ள வகுப்புகள் ஏராளம். அலர்ஜி என்றால் சில பிள்ளைகளுக்கு உயிர்ப் பிரச்சினை, 'கொஞ்சம்தானே' என்ற பேச்சே வேண்டாம். டீச்சர்களுக்காக ஸ்டாஃப் ரூமில் பி.டி.ஏ. விருந்து வைக்கும்போது நிலைமை வேறு. அங்கே எலுமிச்சை சாதமும் வடையும் கொண்டுபோக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சரி என்றால் பக்கத்தில் என்னென்ன போட்டது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

உள்ளே போய் உதவ

பிள்ளைகளோடு இருந்து உதவ வாலண்டியராகப் பதிவு செய்ய வேண்டும். எச்-4 விசாவில் இருப்பவர்களும் சம்பளம் இல்லாமல் உதவலாம். எவ்வளவு நேரம், எந்த வேலை என்பதைப் பொறுத்து பின்னணிச் சரிபார்ப்புக்கான லைவ் ஸ்கேன் கைரேகையும், காசநோய்க்கான கேள்வித்தாளும் கேட்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்னதும் பரிசோதனை எடுத்துவரச் சொல்வார்கள். சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை, நோய்க் கிருமி இல்லாமலேயே இருப்பதாகக் காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே எடுக்க அலைய வேண்டும். அதனால் டாக்டரிடம் முதலிலேயே ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். ஒருமுறை முடித்தால் நான்கு வருஷத்துக்குக் கவலையில்லை. மே மாதம் நெருங்கும்போது ஓடாமல் ஆகஸ்டிலேயே இதை முடித்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் என்றால், கலிஃபோர்னியாவில் பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிகளுக்காக வருஷத்துக்கு 40 மணி நேரம் வரை, மாதத்துக்கு 8 மணி நேரத்துக்கு மிகாமல் விடுப்பு எடுக்கலாம். சம்பளத்தோடு என்று சட்டம் சொல்லவில்லை, உங்கள் லீவிலிருந்து கழிப்பார்கள். முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும். பல டெக் நிறுவனங்கள் நீங்கள் பள்ளிக்குக் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகத் தாங்களும் கொடுக்கின்றன, சில நிறுவனங்கள் வாலண்டியர் செய்த மணி நேரத்துக்கும் பணம் தருகின்றன. ஆபீஸ் போர்ட்டலில் பாருங்கள்.

பிள்ளைகளைப் பாராட்டும்போது

மாதாந்தர அசெம்பிளி, ஸ்பெல்லிங் பீ, ஐந்தாம் வகுப்பு விடைபெறல், எட்டாம் வகுப்பு ப்ரமோஷன் என்று நிறைய உண்டு. இங்கே தொடக்கப் பள்ளியில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் கிடையாது. அன்பாக நடந்துகொண்டதற்கும் விடாமல் முயன்றதற்கும் சான்றிதழ் கொடுப்பார்கள். 'இதெல்லாம் ஒரு அவார்டா' என்று தயவுசெய்து பிள்ளை காதில் விழச் சொல்லாதீர்கள். விளையாட்டு மைதானத்தில் தனியாக நின்றவனைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு ஏழு வயதுப் பிள்ளை மேடையேறுகிறது என்றால், கைதட்ட அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ரிஃப்ளெக்ஷன்ஸ் கலைப் போட்டிக்கு விண்ணப்பம் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். 1969 முதல் நடக்கிறது. ஓவியம், புகைப்படம், எழுத்து, இசையமைப்பு, நடனம், குறும்படம் என்று ஆறு பிரிவுகள், எல்லாவற்றுக்கும் அந்த வருஷத்துக்கான ஒரே கருப்பொருள். பரதம் கற்கிற பிள்ளைகள் நடனப் பிரிவில் கலந்துகொள்ளலாம், ஆனால் நடன அமைப்பு பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும். அம்மா வரைந்து பிள்ளை பெயர் போடுவது வேண்டாம்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனியே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து சிலர் ஆங்கிலம் என்று போடுகிறார்கள். உண்மையை எழுதுங்கள். ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், தேவைப்பட்டால் வகுப்பில் கூடுதல் உதவி கிடைக்கும். ஆங்கிலம் போதிய அளவு வந்ததும் ஆங்கிலம் கற்பவர் பட்டியலிலிருந்து விடுவிப்பார்கள், அதற்கென்று சில டிஸ்ட்ரிக்டுகள் சின்ன விழாவே வைக்கின்றன. இரண்டு மொழிகளையும் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை வந்துசேரும் நாள் அது. வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள், தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

படம் எடுக்கும்போது உங்கள் பிள்ளையை மட்டும் எடுங்கள். மற்ற பிள்ளைகள் இருக்கிற படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. சில பெற்றோர் தங்கள் பிள்ளையின் படம் வெளியே வரக் கூடாது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதற்கான காரணம் நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வகுப்பை, ஒரு திட்டத்தைக் காப்பாற்றும் பாராட்டு

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் அடுத்த வருஷம் வேலை இல்லாமல் போகலாம் என்று ஆசிரியருக்கு மார்ச் 15-க்குள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம், இறுதி முடிவு மே நடுவில் வரும். அதாவது மியூசிக் டீச்சர் இருப்பாரா, பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் எத்தனை நாள் வருவார் என்பதெல்லாம் பெரும்பாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் முடிவாகிவிடும். மே மாதம் பூங்கொத்தோடு போனால் சில சமயம் காலம் கடந்திருக்கும். குபர்டினோ யூனியன் போன்ற பெயர் பெற்ற டிஸ்ட்ரிக்டே பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததால் 2022-ல் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. நல்ல திட்டம் தானாகவே நிலைத்துவிடும் என்று இருக்க முடியாது.

அதனால் ஜனவரியில் ஒரு போர்டு மீட்டிங்குக்குப் போங்கள். நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் மாணவர், ஆசிரியர் பாராட்டு இருக்கும்: பெயரைக் கூப்பிட, பிள்ளை போய் ஐந்து போர்டு உறுப்பினர்களிடமும் கைகுலுக்கி, சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டு வரும். அது முடிந்ததும் குடும்பங்கள் கிளம்பிவிடும். நீங்கள் இருங்கள். பொதுமக்கள் பேசுவதற்கான நேரம் அடுத்து வரும். ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் கூப்பிடுவார்கள், வழக்கமாக மூன்று நிமிஷம், கூட்டம் அதிகமென்றால் குறைப்பார்கள். ஆங்கிலம் பேச முடியாதவர் தமிழில் பேசி, கூட வந்தவர் மொழிபெயர்க்கலாம், அப்போது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நிரலில் இல்லாத விஷயத்தைப் பற்றி அவர்கள் விவாதிக்க முடியாது, அதனால் வெறும் 'நன்றி' என்றால் மனம் கோணாதீர்கள், கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

என்ன பேசுவது? கடிதத்துக்குச் சொன்னதேதான். பள்ளித் தோட்டத்தில் நட்ட வெந்தயக்கீரையைப் பறித்துக்கொண்டு வந்து பையன் முதல்முறையாகக் கீரை சாப்பிட்டான் என்றால் அதைச் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் திட்டத்தை நடத்துகிறவர் பெயரைச் சொல்லி, அடுத்த வருஷமும் வேண்டும் என்று முடியுங்கள். இசை, ஓவியத்துக்கு 2022-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 28-ஆம் தீர்மானத்தின் கீழ் மாநிலம் தனியாகப் பணம் ஒதுக்குகிறது. பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகள் அதில் 80 சதவீதத்தை ஆட்களை வேலைக்கு எடுக்கவே செலவிட வேண்டும். நம் பள்ளியில் அது யாருக்குப் போகிறது என்று மரியாதையாகக் கேட்பதும் கலை வகுப்புக்குச் செய்யும் உபகாரம்தான். டிஸ்ட்ரிக்டின் செலவுத் திட்டத்துக்கு ஜூலை 1-க்குள் ஒப்புதல் கிடைக்க வேண்டும், அதற்கு முன்னால் பொது விசாரணை ஒன்று நடக்கும், அதற்கும் போகலாம்.

நல்ல திட்டங்களுக்கு வெளியிலிருந்தும் விருது உண்டு. பள்ளி போர்டுகளின் மாநிலச் சங்கம் தரும் கோல்டன் பெல் அதில் ஒன்று. முழுப் பள்ளிக்கென்றால் 1985-ல் தொடங்கிய கலிஃபோர்னியா டிஸ்டிங்விஷ்டு ஸ்கூல் விருது. இவற்றுக்கு விண்ணப்பிப்பது பள்ளியின் வேலை, ஆனால் பெற்றோர் கருத்தும் படமும் கேட்டு மெயில் வந்தால் உடனே பதில் போடுங்கள்.

வகுப்பறைக்கு வெளியே இருப்பவர்கள்

சாப்பாடு பரிமாறுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், மதிய இடைவேளையில் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர், வகுப்பறை உதவியாளர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் கிளாசிஃபைடு ஊழியர்கள். அவர்களுக்கான வாரம் மே மூன்றாம் முழு வாரம். டீச்சர் வாரத்தின் கொண்டாட்டம் ஓய்ந்த கையோடு வருவதால் பல இடங்களில் இது கண்டுகொள்ளப்படாமலே போய்விடுகிறது. நம் பிள்ளைக்கு இன்று முட்டை இல்லாத சாப்பாடு எது என்று விரல் நீட்டிக் காட்டுகிறவர் அவர்களில் ஒருவர். ஆபீஸ் மேனேஜரிடம் பெயர்ப் பட்டியல் கேட்டு ஏப்ரல் கடைசியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உச்சரிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு அட்டை, பிள்ளைகள் கையெழுத்தில், அவர் செய்கிற வேலையைக் குறிப்பிட்டு. இரவு ஷிஃப்டில் வருகிற துப்புரவுப் பணியாளர் பள்ளி விட்ட பிறகுதான் வருவார், அவருடைய அட்டையை ஆபீஸில் கொடுத்துவிடாமல் ஒருநாள் சாயங்காலம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் நேரில் கொடுங்கள்.